அரசுக்குக் கடன் கொடுத்தவள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சி வகுப்பில் இலங்கையின் வீழ்ச்சியைப் பாடமாக நடத்தினார்கள். சீனாவின் கடன் பொறி, இலவசங்களுக்குப் பழகிய மக்கள், இந்த இரண்டும்தான் காரணம் என்றார்கள். எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. ஆனால் 2022இல் ஓர் அரசே கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது தவறுதானே? வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதானே முறை?

செ., கோயம்புத்தூர்

அன்புள்ள செ.,

வகுப்பில் சொன்னதை அப்படியே எழுதிவைத்துக்கொள்ளாமல் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. இந்தக் கடன் விவகாரத்தில் ஒரு விஷயம் நீண்ட நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

முதலில் சீனா. சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டு வந்த 112 கோடி டாலர், அந்தத் துறைமுகத்தின் கடனை அடைக்கப் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பில்தான் சேர்ந்தது. கழுத்தை நெரித்தவை சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகள், அதாவது டாலரில் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் பத்திரங்கள். 2007இல் 50 கோடி டாலரில் தொடங்கியது, 2022இல் ஏறக்குறைய 1,250 கோடி டாலராக நின்றது. இதற்கு மேல் சீனாவைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

இலவசம் என்கிற சொல்லை மட்டும் யோசிக்காமல் கையில் எடுக்காதீர்கள், தம்பி. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை (உங்கள் ஊரில் மதிப்புக் கூட்டு வரி) 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது யார்? வருமான வரியை வெட்டியது யார்? அரசின் வருமானம் சரிந்தது, நாட்டின் கடன் தரமதிப்பீடு விழுந்தது, 2020க்குப் பிறகு வெளிச்சந்தையில் கடன் கிடைக்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து நெல்லையும் தேயிலையையும் கெடுத்தார்கள். பொருளாதாரம் இப்படி ஆனதற்கு ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொறுப்பு என்று 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உங்கள் வகுப்பில் இதைச் சொன்னார்களா? வரிசையில் நின்றவர்கள் தலையில் பழியைப் போடுவது படித்தவர்கள் செய்கிற வேலையில்லை.

கட்டாமல் விட்டது தவறா என்றால், அந்த முடிவு தாமதமாக வந்ததுதான் தவறு. 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் பிணைமுறி ஒன்றை முழுதாக அடைத்தார்கள். எரிவாயுவுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாத நேரம் அது. ஏப்ரல் 12ஆம் தேதிதான் நிறுத்தினார்கள்.

ஆனால் நீங்கள் கேட்ட முறை, நியாயம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து கடன் கொடுத்தவர்களோடு முடிந்துவிடுவதில்லை. என் அம்மா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மழையோ குளிரோ, பேர் விழுந்த, அதாவது வேலை பதிவான நாளுக்கெல்லாம் சம்பளத்தில் 8 சதவீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்கு (உங்கள் ஊரில் வருங்கால வைப்பு நிதி) பிடித்தார்கள். தோட்டம் 12 சதவீதம் போட்டது. வேலையை விட்ட பிறகு அந்தப் பணத்தை வாங்க அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். எழுதியது யாரோ, அலைந்தது அம்மா. கடைசியில் பணம் வந்தபோது அடகிலிருந்த காதுத் தோட்டை மீட்டு, லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டு) கூரைக்குத் தகரம் வாங்கினார். வாழ்நாளில் அவர் கையில் மொத்தமாக வந்த ஒரே தொகை அதுதான்.

அந்த நிதியின் பணத்தில் மிகப் பெரும்பகுதி திறைசேரி முறிகளில், அதாவது அரசின் கடன் பத்திரங்களில் இருக்கிறது. அப்படியென்றால் அம்மாவும் அவரைப் போன்ற லட்சக்கணக்கானவர்களும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள். உங்கள் பாடப்புத்தகத்தில் கடன்காரர்கள் பட்டியல் வரும்போது இவர்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

2023 ஜூலை 1, சனிக்கிழமை. வங்கிகளுக்கு விசேட விடுமுறை விட்டு, பாராளுமன்றத்தைக் கூட்டி, 122க்கு 62 என்ற வாக்கில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை, அதாவது உள்நாட்டில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றுவதை, நிறைவேற்றினார்கள். சேமலாப நிதி தன் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு நீண்டகால முறிகளை வாங்க வேண்டும். முதலில் 12 சதவீத வட்டி, பிறகு 9. மறுத்தால் நிதியின் வருமானத்தின் மீதான 14 சதவீத வரி 30 ஆகும். அந்த வருடத் தொடக்கத்தில் திறைசேரி உண்டியல்களுக்கு, அதாவது அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களுக்கு, ஏறக்குறைய 30 சதவீத வட்டி கிடைத்தது. முந்திய செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போயிருந்தது. தொழிலாளியின் சேமிப்பில் பாதியை விலைவாசி தின்ற பிறகு, மிச்சத்தின் வட்டியிலும் கைவைத்தார்கள்.

வங்கிகளைத் தொடவில்லை. தொட்டால் வைப்பாளர் பணம் ஆடிப்போகும், வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன என்றார்கள். சரி, அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தனியார் நிறுவனங்கள் வைத்திருந்த முறிகளையும் தொடவில்லையே? அதற்கு எனக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுப் பிணைமுறிக்காரர்களுக்கு ஒரு குழு இருந்தது, ஆலோசகர்கள் இருந்தார்கள், சட்ட நிறுவனம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் பேரம் பேசி 2024 டிசம்பரில் முடித்தார்கள். அசலில் 27 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள், உண்மை. ஆனால் நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கொழுந்து பறித்தும் ஆடை தைத்தும் அந்த வளர்ச்சியைக் கொண்டுவரப் போகிறவர்களின் நிதிக்கு அப்படி ஒரு நிபந்தனை எழுதப்படவில்லை. அவர்களுக்காகப் பேச மேசையில் யாரும் இல்லை. நிதியை நிர்வகித்தது மத்திய வங்கி. அரசுக்குக் கடன் திரட்டிக் கொடுத்ததும் அதே மத்திய வங்கி. கடன் வாங்குகிறவரின் முகவர் எப்படிக் கடன் கொடுத்தவருக்காக வாதாடுவார்?

2024இல் அரசுக் கடனை நிர்வகிக்கத் தனி அலுவலகத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். நல்லது. சேமலாப நிதியையும் அதேபோல் பிரித்து, அங்கத்தவர்கள் தெரிவுசெய்கிற ஆட்களை அதன் சபையில் உட்காரவைக்க வேண்டும். அடுத்த முறை கடன்காரர்களைக் கூப்பிட்டுப் பேசும்போது அவர்களுக்கும் அழைப்புப் போக வேண்டும்.

தேர்வு நன்றாக எழுதுங்கள்.

அன்புடன்.