யாங்கூன் மாடி வீட்டு வாசல்: செருப்புக்கும் குடைக்கும் போக அழகுக்கு இடம் உண்டா?

கேள்வி: யாங்கூனின் தாம்வே பகுதியில் நான்காம் மாடியில் இருக்கிறோம். 12½ அடி அகலம், 50 அடி நீளம் உள்ள வீடு. கதவைத் திறந்தால் நேரே ஹால். மழைக்காலத்தில் செருப்பு, குடை, நனைந்த பை எல்லாம் அங்கேயே குவிகின்றன. படிக்கட்டுப் பக்கம் விட்டால் செருப்பு காணாமல் போகிறது. மாமியார் தினமும் கோலம் போடுவார். வாசல் லட்சணமாகவும் இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு சாக்பீஸ் எடுங்கள். கதவை முழுக்கத் திறந்து, அது தரையில் சுற்றிவரும் அளவுக்கு வளைவாகக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் மிதியடி தவிர எதுவும் வரக் கூடாது. அதைத் தாண்டி ஹாலுக்குள் போக 3 அடி அகல வழி வேண்டும். மீதி இடம்தான் உங்கள் கைக்கு வருவது. இதைப் பார்க்காமல் கடையில் பிடித்த அலமாரியை வாங்கிவந்துவிட்டு, கதவை முக்கால்வாசி மட்டும் திறந்து ஒருக்களித்து நுழைகிற வீடுகள் நிறைய உண்டு.

யாங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை. சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் பெரும்பாலும் மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே இங்கே வாசல் அமைப்பு என்றால், தண்ணீரை எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. இந்தியப் பத்திரிகைப் படங்களில் வரும் மூடிய செருப்பு அலமாரி இங்கே எடுபடாது. ஈரச் செருப்பை உள்ளே வைத்து மூடினால் சில நாளில் பூஞ்சை பிடித்து, கதவைத் திறந்ததும் விருந்தாளிக்கு முதலில் வருவது அந்த வாடைதான்.

ஈரத்தையும் உலர்ந்ததையும் பிரித்துவிடுங்கள். கதவை ஒட்டிய சுவரில் திறந்த கம்பித் தட்டு, அதன் அடியில் எடுத்துக் கொட்டக்கூடிய ஒரு டிரே. குடையும் அங்கேயே தொங்கட்டும். சற்றுத் தள்ளி, 8 அல்லது 9 அங்குல ஆழமே உள்ள, செருப்பைச் சாய்த்து வைக்கிற வகை அலமாரி. சாதாரண அலமாரி 12 அங்குலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இந்த அகலத்தில் அந்த 3 அங்குலம் பெரிய விஷயம். அலமாரிக் கதவுகள் இடைவெளி விட்ட மரச் சட்டமோ பிரம்புப் பின்னலோ ஆக இருந்தால் காற்றுப் போகும். பிரம்பு வேலைக்கு நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்! அலமாரிக்கு 5 அங்குலக் கால் வையுங்கள், துடைப்பம் அடியில் போய்வரும். மரத்தூள் பலகை மட்டும் வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிவிடும். விசேஷத்துக்குப் போடும் வெல்வெட் செருப்புக்கு மேல் தட்டு. ஒரு தடவை நனைந்தால் அதன் பளபளப்பு போனதுதான்.

மிதியடி இரண்டு வேண்டும்: வெளியே முரடானது, உள்ளே தண்ணீர் உறிஞ்சுவது. உள்ளே போடுவது கதவின் அடியிடைவெளியைவிட மெல்லியதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படிக்கட்டுத் தளத்தில் எதையும் வைக்காதீர்கள். செருப்பு காணாமல் போவது இருக்கட்டும், தீ விபத்து என்று வந்தால் மாடிக்காரர்கள் எல்லோருக்கும் இருப்பது அந்த ஒரு வழிதான். அந்த இடம் காலியானால் மாமியாருக்கும் கோலம் போட இடம் கிடைக்கும். மடக்கு இரும்புக் கதவுக்கு அடர்ந்த பச்சையோ கறுப்போ அடித்து, நிலைப்படியில் மஞ்சள் குங்குமம், மேலே மாவிலைத் தோரணம் என்று விட்டால், அதற்கு மேல் அலங்காரம் எதற்கு?

கண்ணாடியைக் கதவுக்கு நேரே மாட்ட மாமியார் சம்மதிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். எனக்கும் பக்கச் சுவர்தான் சரியென்று படுகிறது. விளக்கு கண்ணாடிக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருந்து முகத்தில் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் பல்பு போதும். மின்சாரம் போனாலும் எரியும் பேட்டரி பல்பாக வாங்கினால், இருட்டில் படியேறி வந்து சாவித் துவாரத்தைத் தடவ வேண்டாம். கீழே நிற்பவர்களுக்குக் கயிற்றில் இறக்குகிற தெருக்கதவுச் சாவிக்கு மட்டும் தனி ஆணி. மற்ற சாவிகளோடு கலந்தால் அவசரத்தில் கைக்கு அகப்படாது.

தச்சரை மார்ச் மாதத்திலேயே கூப்பிடுங்கள். ஏப்ரல் நடுவில் திஞ்சான் என்கிற பர்மியப் புத்தாண்டு விடுமுறை வந்துவிடும், அப்புறம் மழை. ஈரக் காற்றில் வார்னிஷ் சீக்கிரம் காயாது, வெளுத்தும் போகும்.