ராமராவும் நாகேஸ்வர ராவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் 'மாயாபஜார்', 'குண்டம்மா கதா' இரண்டையும் தெலுங்கிலேயே பார்த்தேன். என்.டி. ராமராவும் அக்கினேனி நாகேஸ்வர ராவும் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் சேர்ந்து நடித்தவர்கள் என்று அறிந்து வியந்தேன். 'குண்டம்மா கதா'வில் இருவரும் திரையில் வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டே பார்த்தேன். ராமராவின் பங்கே அதிகம். இதற்கு நாகேஸ்வர ராவ் எப்படிச் சம்மதித்தார்? இருவரில் பெரிய நடிகர் யார்? இன்றைய இரண்டு பெரிய நாயகர்கள் சேர்ந்து நடித்த 'ஆர்.ஆர்.ஆர்.' வந்தபின் அந்தக் காலம் திரும்பும் என்று நம்பலாமா?

அன்புடன்,
ஒரு வாசகன், கும்பகோணம்

அன்புள்ள தம்பிக்கு,

மொழி முழுதாகப் பிடிபடாத நிலையிலும் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய இரண்டு படங்களைத் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்கு அன்பு பெருகுகிறது. ஆனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தீர்கள் என்று வாசித்தபோது வருத்தமே வந்தது. சூரியகாந்தமும் ரங்காராவும் சாவித்திரியும் ஜமுனாவும் நிறைந்திருக்கும் ஒரு படத்தில் இரண்டு ஆண்களின் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தால் மற்றவர்களை எப்போது பார்த்தீர்கள்? பந்தியில் பக்கத்து இலைக்கு எத்தனை வடை போனது என்று எண்ணுகிறவருக்குத் தன் இலையில் இருப்பது ருசிக்காது.

யார் பெரியவர் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அதை ரசிகர் மன்றங்கள் போதுமான அளவு பேசிவிட்டன. நாகேஸ்வர ராவ் எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டீர்களே, அதுதான் கேள்வி. சில மாதங்களாக 1955இல் வந்த 'மிஸ்ஸம்மா'வைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

'தேவதாசு' 1953இல் வெளிவந்து நாகேஸ்வர ராவைத் தெலுங்கு மக்களின் துயர நாயகனாக நிலைநிறுத்தியிருந்தது. இரண்டே ஆண்டுகளில், எல்.வி. பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸம்மா'வில் அவர் ஏற்றது ஏ.கே. ராஜு என்ற அரைகுறைத் துப்பறிவாளனின் வேடம். கதையின் நாயகன் ராமராவ். சாவித்திரியோடு கணவன் மனைவியாக நடித்து ஆசிரியர் வேலையில் சேரும் பட்டதாரி அவர்தான். நிலவைப் பார்த்துப் பாடும் பாட்டும் அவருக்குத்தான். நாகேஸ்வர ராவுக்குக் கிடைத்ததெல்லாம் ஜமீன்தாரின் தொலைந்துபோன மகளைத் தேடி அலைவதும், எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் சந்தேகப்படுவதும்தான். குடிகாரக் காதலன் என்ற ஒரே அச்சில் தன்னை வார்த்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டு அவரே விரும்பி ஏற்ற வேடம் அது.

இந்தப் படம் அதே ஆண்டில் தமிழில் 'மிஸ்ஸியம்மா'வாக வந்தபோது அந்த வேடத்தில் கே.ஏ. தங்கவேலு நடித்தார், 1957இல் இந்தியில் 'மிஸ் மேரி'யாக வந்தபோது கிஷோர் குமார் நடித்தார். இருவருமே சிரிக்க வைப்பதில் வல்லவர்கள்; வேடம் இயல்பாக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. தெலுங்கில் மட்டும்தான் ஒரு முதல்நிலை நாயகன், தன் புகழின் உச்சியில், இன்னொரு நாயகனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைச் செய்தார். திருத்தணிப் பக்கத்தில் இரண்டு மொழியிலும் படம் பார்த்து வளர்ந்த என் பெரியப்பா, தங்கவேலுவுக்கு ஈடில்லை என்று கடைசிவரை வாதிட்டார். சிரிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்த மகளின் காலில் இருக்கும் மச்சத்தைத் தேடுகிறவன், அதாவது கதையின் முடிச்சை அவிழ்க்கிறவன், ராஜுதான். நாகேஸ்வர ராவ் அவனைக் கோமாளியாக்கவில்லை. தான் மிக முக்கியமான வேலை செய்துகொண்டிருப்பதாக நம்பும் ஒரு நல்ல பையனாக நடித்தார். நாயகனின் கண்ணியத்தோடு நடித்ததால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. இதை நிமிடக் கணக்கில் எப்படிப் பிடிப்பீர்கள்?

இந்த ஜோடி நீடித்ததற்குக் காரணம் சமத்துவம் இல்லை என்பதே என் எண்ணம். ஒவ்வொரு படத்திலும் ஒருவருக்கு மற்றவர் யார் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. 'தெனாலி ராமகிருஷ்ணா'வில் ராமராவ் கிருஷ்ணதேவராயர், நாகேஸ்வர ராவ் அவருடைய அவைக்கவி. 'பூகைலாஸ்' படத்தில் ராமராவ் இராவணன், நாகேஸ்வர ராவ் அவனைத் தடுமாற வைக்கும் நாரதர். 'மாயாபஜா'ரில் ஓராண்டே மூத்த ராமராவ் கிருஷ்ணனாக நிற்க, நாகேஸ்வர ராவ் மருமகன் அபிமன்யுவாக வருகிறார்; அங்கே முதலில் அபிமன்யுவும் சசிரேகையும் பாடும் படகுப் பாட்டிலேயே பின்னர் கிருஷ்ணனும் ருக்மிணியும் சேர்ந்துகொள்ள, இரு நாயகர்களுக்கும் பாடுவது பின்னணிப் பாடகர் கண்டசாலாவின் ஒரே குரல். மாமனும் மருமகனும் ஒரே குரலில் பாடுகிறார்களே என்று எவரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் உறவு அவ்வளவு உறுதியாக மனத்தில் பதிந்திருந்தது.

அப்போதும் போட்டி இல்லாமல் இல்லை. 1962இல் 'குண்டம்மா கதா' எடுத்தபோது பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்ற சிக்கலுக்கு இடம் கொடுக்காமல், தொடக்கத்தில் நடிகர்களின் புகைப்படங்களை மட்டுமே காட்டினார்கள். ஆனால் அந்தச் சிக்கல் கதைக்குள் நுழையவில்லை. ராமராவுக்கு அது 100ஆவது படம்; அதில் அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு குண்டம்மாவின் வீட்டில் மாவாட்டும் வேலைக்காரனாக வருகிறார். நீங்கள் குறித்துவைத்த அந்தக் கூடுதல் நிமிடங்களில் அவர் செய்தது இதைத்தான்.

1963இல் வந்த 'ஸ்ரீகிருஷ்ணார்ஜுன யுத்தமு'க்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் இருவரும் சேர்ந்து நடிக்கவில்லை. நாகேஸ்வர ராவ் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தார், ராமராவ் சென்னையில் இருந்தார். இருவருக்கும் பின்னால் தனித்தனியாகப் பெருங்கூட்டம் திரண்டது. 'ஆர்.ஆர்.ஆர்.' பற்றிய உங்கள் நம்பிக்கையைக் குலைக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் பதின்மூன்று ஆண்டுகளில் பத்துப் படங்களாவது சேர்ந்து நடித்தவர்களோடு ஒரே ஒரு படத்தை ஒப்பிடுவது பொருந்தாது.

நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, 1977இல் ராமராவே இயக்கிய 'சாணக்கிய சந்திரகுப்தா'வைப் பாருங்கள். சிவாஜி கணேசன் அலெக்சாந்தராக வரும் அந்தப் படத்தில், நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்த நாகேஸ்வர ராவுக்கு ராமராவ் கொடுத்தது குருவின் வேடம். தனக்கு வைத்துக்கொண்டது சீடனின் வேடம். மறு ஆண்டு வந்த 'ராமகிருஷ்ணுலு'வில் இருவரையும் சரிசமமாக நிறுத்தினார்கள். எனக்கு அந்தப் படத்தைவிடச் சாணக்கியனும் சந்திரகுப்தனுமே நெருக்கமானவர்கள்.