ஆடுகளைக் கடித்தது ஓநாயா?

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஆடு வளர்க்கிறேன். நேற்று ராத்திரி மூன்று ஆடுகள் செத்துவிட்டன, இரண்டுக்குக் காயம். கறியைத் தின்னவே இல்லை. ஓநாய்தான் என்கிறார்கள் பக்கத்தில். ஐரோப்பாவில் ஓநாய்கள் திரும்பி வந்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். விஷம் வைக்கலாமா?

பதில்: ஐயா, முதலில் காயம்பட்ட இரண்டையும் கவனியுங்கள். கடிபட்ட இடம் வெளியே சின்ன ஓட்டையாகத்தான் தெரியும். முடியைக் கத்தரித்துப் பார்த்தால் உள்ளே தோலும் சதையும் பிரிந்து கிழிந்திருக்கும். உப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, இன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சீழ் பிடிக்காமலிருக்கவும் டெட்டனஸ் வராமலிருக்கவும் ஊசி போட வேண்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். 2015இல் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும்.

மலேசியாவில் ஓநாய் கிடையாது. செந்நாய் உண்டு, ஆனால் அது தீபகற்பத்தின் அடர்ந்த காடுகளில் வாழ்வது. உங்கள் ஆடுகளைக் கடித்தது பெரும்பாலும் நாய்க் கூட்டம். பின்தொடை, விலா, காது என்று கண்ட இடத்தில் கடித்துக் குதறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பசிக்காக வேட்டையாடும் விலங்கு பொதுவாகத் தொண்டையைப் பிடிக்கும், பிறகு தின்னும். நாய்களுக்கோ ஆடு மிரண்டு ஓடினாலே போதும், துரத்தல் நிற்காது. ரத்தமே இல்லாமல் குட்டி மட்டும் காணாமல் போயிருந்தால் மலைப்பாம்பாக இருக்கலாம். அதை அடிக்காமல் பொம்பாவை (தீயணைப்பு மீட்புத் துறை) கூப்பிடுங்கள்.

விஷம் வேண்டவே வேண்டாம். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி அது குற்றம். பக்கத்து வீட்டுப் பூனையும் உங்கள் ஆடுமேகூட அதைத் தின்று சாகலாம். நாலு நாய் செத்தாலும், கொட்டகை திறந்து கிடந்தால் வேறு நாலு வரும்.

ஐரோப்பாவைக் கேட்டீர்களே, அங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஜெர்மனியில் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஓநாய்கள் மறுபடி குட்டி போடத் தொடங்கின. ஆடு வளர்ப்பவர்கள் கொதித்துப்போனார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் இழப்பைக் குறைத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் மின்வேலியும் காவல் நாயும் வைத்தவர்கள்தான். அங்கே பல மாநிலங்களில் அடிப்படைப் பாதுகாப்பு செய்திருந்தால்தான் நஷ்ட ஈடே கிடைக்கும்.

அந்தக் காவல் நாய்களுக்கு அடர்ந்த ரோமம். நம் வெயிலுக்கு ஒத்துவராது. மின்வேலி ஒத்துவரும். நாய் தாண்டுவதைவிட அடியில் நுழைவதுதான் அதிகம், அதனால் கீழ்க் கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. நம்மூரில் பெரிய எதிரி லாலாங் புல். ஒரு மழை பெய்தால் வளர்ந்து கம்பியைத் தொடும், மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும், வேலி சும்மா நிற்கும். வாரா வாரம் வெட்டுங்கள், வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். வேலிக்கென்றே விற்கும் பெட்டியைத்தான் பொருத்த வேண்டும்; வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்தால் மனித உயிரே போகும்.

அதற்குப் பணம் சேரும்வரை, பொழுது சாயும் முன்பே ஆடுகளைப் பரண் கொட்டகையில் ஏற்றி, ஏணிப் படியை எடுத்துவிட்டுக் கதவைத் தாழிடுங்கள். செத்த ஆடுகளைப் படம் எடுத்துவிட்டு ஆழமாகப் புதையுங்கள், வாசனைக்கு நாய்கள் திரும்ப வரும். படத்தோடு போலீஸில் ஒரு ரிப்போர்ட் போட்டு, மாநகர் மன்றத்திடம் தெருநாய் புகாரும் கொடுங்கள். நாய்க்குச் சொந்தக்காரர் யாரென்று தெரிந்தால் அந்த ரிப்போர்ட் உதவும்.

அப்புறம், சினை ஆடுகள் இருந்தால் சில வாரம் கண் வைத்திருங்கள். துரத்தப்பட்ட அதிர்ச்சியில், கடிபடாத ஆடுகூடக் குட்டி வீசிவிடும்.