போக்கிமான் கேம்களில் வரும் பேய்களில் உங்களை உண்மையிலேயே பயமுறுத்தியது எது?

இந்தக் கேள்விக்குப் பாதிப் பேர் கெங்கார் என்றுதான் எழுதுவார்கள். 1996-இல் வந்த முதல் கேமிலிருந்தே இருக்கிற ஆள் அது. ஊதா நிறம், உருண்டை உடம்பு, வாயெல்லாம் பல். எனக்கு அதைப் பார்த்தால் பயம் வராது, கன்னத்தைக் கிள்ளத்தான் தோன்றும். பிக்காச்சு மாதிரித் துணியைப் போர்த்திக்கொண்டு திரியும் மிமிக்யூவைப் பார்த்தாலோ பாவமாக இருக்கிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஷெடின்ஜா. போக்கிமான்களின் விவரக் குறிப்பேடான போக்கிடெக்ஸில் அதன் எண் 292. உயரம் 80 சென்டிமீட்டர், எடை 1.2 கிலோ. இத்தனைக்கும் அது எதுவுமே செய்யாது. மூச்சுகூட விடாது.

விளையாடாதவர்களுக்காக ஒரு வரி: காட்டில் திரியும் விலங்குகளைப் பிடித்து, சண்டையில் பழக்கி, லெவல் ஏற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஆறு பேரைத்தான் கூட வைத்துக்கொள்ள முடியும். குறிப்பிட்ட லெவல் வந்தால் சிலது உருமாறும். அவ்வளவுதான்.

நான் எட்டாவது முடித்த கோடை விடுமுறை. அண்ணன் (பெரியப்பா மகன்) தன் வீட்டு கம்ப்யூட்டரில், பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டர் போட்டு எமரால்ட் என்ற போக்கிமான் கேமை ஏற்றி வைத்திருந்தான். ரஸ்ட்போரோ ஊரைத் தாண்டினால் ரூட் 116 என்று ஒரு புல்வெளிப் பாதை. அங்கே நின்காடா என்ற ஒரு பூச்சியைப் பிடித்தேன். வெளிறிய உடம்பு, மண்வெட்டி போல இரண்டு முன்னங்கால். ஒன்றுக்கும் உதவாத பூச்சி என்று அண்ணன் சொன்னான். எனக்கென்னவோ பிடித்துப்போய்விட்டது. அப்பு என்று பெயர் வைத்தேன்.

அப்புவை லெவல் 20-க்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. திரை வெள்ளையாகி, இசை மாறி, நின்ஜாஸ்க் ஆனது. இறக்கை முளைத்த, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறக்கிற ஒரு பூச்சி. சந்தோஷமாக நாலைந்து சண்டை போட்டுவிட்டு, யாருக்காவது மருந்து கொடுக்கலாமென்று பட்டியலைத் திறந்தேன்.

என்னிடம் இருந்தது ஐந்து பேர். பட்டியலில் ஆறு பேர்.

ஆறாவதாக ஒரு பெயர்: ஷெடின்ஜா. நான் பிடிக்கவில்லை. யாரும் தரவில்லை. “ஒன்று வந்திருக்கிறது” என்று கேம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயிர் 1-க்கு 1. திறந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு வெற்றுக் கூடு, தலைக்கு மேலே ஒரு வளையம்.

“அண்ணா, இதை நீ பிடிச்சியா?”

“நான் எங்கடா தொட்டேன். நீயே பிடிச்சுட்டு மறந்திருப்ப.”

“சத்தியமா இல்லண்ணா.”

“அப்ப வைரஸ்தான். ஆஃப் பண்ணு, அப்பா வந்தா திட்டுவார்.”

ஆஃப் செய்வதற்கு முன்னால் அதன் விவரப் பக்கத்தைப் பார்த்தேன். குணம்: ஹேஸ்டி, அதாவது அவசரக்காரன். சந்தித்த இடம்: ரூட் 116. அப்புவின் பக்கத்துக்குப் போனேன். குணம் ஹேஸ்டி. இடம் ரூட் 116. பிடித்தபோது இருந்த லெவலும் அதேதான். மறுபடி ஷெடின்ஜா, மறுபடி அப்பு. ஒரே ஆளின் ரேஷன் கார்டு நகல் இரண்டு பேரிடம் இருப்பதுபோல் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், பெயர். நான் வைத்த பெயர் பறந்துபோனதோடு போய்விட்டது. இதற்குப் பெயர் இல்லை. அதன் இனத்தின் பெயர்தான் இருந்தது.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தபோது அசையாத ஒரு கூட்டுக்கு “அவசரக்காரன்” என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். சித்திரை வெயில் காலத்தில்.

காரணம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நின்காடா உருமாறும்போது உங்கள் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தால், கழற்றிப்போட்ட சட்டை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடம் இல்லையென்றால் வராது. அதனால்தான் ஆறு பேரோடு சுற்றிய என் நண்பர்கள் பலருக்கு அது ஒருமுறைகூட வரவில்லை, நான் புளுகுகிறேன் என்றே நினைத்தார்கள். அடுத்த தலைமுறை கேம்களில், பையில் ஒரு சாதாரண போக்கி பந்தும் (போக்கிமானைப் பிடிக்க எறியும் பந்து) இருக்க வேண்டுமென்று விதி போட்டார்கள். அந்தப் பந்து கணக்கிலிருந்து குறையும். பேய் குடிவர வாடகை நாம் கட்ட வேண்டும்.

இது யாரோ உட்கார்ந்து யோசித்த வெறும் மாயாஜாலம் இல்லை. ரூபி, சஃபையர் என்ற இரண்டு கேம்களில், 2002 நவம்பரில் ஜப்பானில், நின்காடாவும் ஷெடின்ஜாவும் முதலில் வந்தன. அந்தக் கேம்களின் கற்பனை நிலமான ஹோயென், ஜப்பானின் தெற்கே இருக்கும் கியூஷூ தீவை வைத்து வரைந்தது. கியூஷூவின் கோடைக்காலம் என்றால் சில்வண்டுச் சத்தம்தான். சில்வண்டின் குஞ்சு வருடக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து மரவேரின் சாற்றைக் குடித்து வளரும். பிறகு ஒரு கோடை இரவில் வெளியே வந்து மரத்தில் ஏறி, பட்டையை நகத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். முதுகு வெடிக்கும். அதன் வழியாக இறக்கையோடு ஒன்று வெளியே வரும். காலையில் மரத்தில் மிச்சமிருப்பது கூடு மட்டும். கண், கால், நகம் எல்லாம் அச்சு அசலாக அப்படியே இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. கையில் எடுத்துப் பார்த்தால் முதுகு வெடிப்பில் வெள்ளை நூல் போலத் தொங்கும். அது மூச்சுக்குழாயின் உள்தோல். மூச்சுக்குழாயின் சட்டையைக்கூட உரித்துப் போட்டுவிட்டுத்தான் அது பறக்கிறது.

ஜப்பானியப் பிள்ளைகள் இந்தக் கூடுகளைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரியும் சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். கேமின் மூல யோசனையே அங்கிருந்து வந்ததுதான்.

பெயரில்தான் இன்னும் விளையாடியிருக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் ஷெடின்ஜாவுக்கு நுகெனின் என்று பெயர். உரித்துப்போட்ட கூட்டுக்கு அங்கே நுகெகரா என்பார்கள். நுகெனின் என்றால் தன் கூட்டத்தைவிட்டு ஓடிப்போன நிஞ்ஜா. இதில் ஓடிப்போனது யார்? இறக்கை முளைத்துப் பறந்தது நின்ஜாஸ்க். அசையாமல் அங்கேயே இருப்பது இது. ஆனால் ஓடுகாலிப் பட்டம் இதன் தலையில்! சில்வண்டுக் கூட்டுக்கு உத்சுசெமி என்று இன்னொரு பழைய சொல்லும் உண்டு. முதலில் அதற்கு இந்த உலகத்தில் உயிரோடு இருக்கும் மனிதன் என்று பொருள். பின்னால் “வெறுமை”, “சில்வண்டு” என்ற எழுத்துகளால் அதை எழுதப்போய், கூடு என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. நாமும் உடம்பைக் கூடு என்கிறோமே, அதனால் இது எனக்கு அவ்வளவு விசித்திரமாகப் படவில்லை.

சரி, பயத்துக்கு வருகிறேன். போக்கிடெக்ஸில் ஷெடின்ஜாவைப் பற்றி எழுதியிருப்பது இது: அதன் முதுகு வழியாக உள்ளே இருக்கும் வெற்றிடத்தை எட்டிப் பார்ப்பவரின் உயிரை அது திருடிவிடும் என்று நம்பப்படுகிறது.

படிக்கும்போது “ஓஹோ” என்று தாண்டிப் போய்விடலாம். அந்தக் கேம்களில் சண்டைத் திரை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எதிரி நம்மைப் பார்த்து நிற்கும். நம்முடையது எதிரியைப் பார்த்து நிற்கும். அதாவது நமக்கு அதன் முதுகுதான் தெரியும். ஷெடின்ஜாவைச் சண்டைக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் அந்த வெடிப்பு நேராக நம் முகத்துக்கு முன்னால் இருக்கிறது. கேமுக்குள் இருக்கும் பையனுக்கு ஆபத்து என்றால் அது கதை. இங்கே எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நான். இதைச் சொன்னதும், வைரஸ் என்று சிரித்த அண்ணன், “அதை பெட்டியில போட்டுடு” என்றான். அணியில் வேண்டாதவற்றை ஒதுக்கி வைக்கும் இடம் அது. விளையாடும்போது அவன் உட்காரும் இடமும் கொஞ்சம் தள்ளிப்போனது.

நான் போடவில்லை. ஏனென்றால் அதற்குள் அதன் திறமை தெரிந்துவிட்டது. எந்த லெவலுக்குப் போனாலும் ஷெடின்ஜாவின் உயிர் 1-தான். லெவல் 100-இலும் 1. சுண்டிவிட்டால் விழும். ஆனால் வொண்டர் கார்டு என்று ஒன்று அதனிடம் இருக்கிறது. தன் பலவீனத்தைத் தாக்கும் அடிகள் தவிர வேறெந்த அடியும் அதன்மேல் படாது. நெருப்பு, பறவை, பாறை, பேய், இருள் ஆகிய ஐந்து வகை மட்டும்தான் அதைத் தொடும். 352 கிலோ எடையுள்ள கடல் ராட்சதன் கயோகர் முழுக் கடலையும் தூக்கி ஊற்றினாலும் இந்த 1.2 கிலோ கூட்டில் ஒரு சொட்டு ஒட்டாது.

அந்தத் தைரியத்தில்தான் எட்டாவது ஜிம்முக்குப் போனேன். ஜிம் என்றால் ஒரு தலைவரைச் சண்டையில் ஜெயிக்க வேண்டிய இடம். சூட்டோபொலிஸ், எரிமலை வாய்க்குள் கட்டிய ஊர். அங்கே தலைவர் ஹுவான், எல்லாமே நீர் வகை. ஷெடின்ஜாவை முன்னால் விட்டால் உட்கார்ந்த இடத்தில் ஜெயித்துவிடலாம் என்று அண்ணனிடம் பந்தயம் கட்டினேன். ஒரு பாட்டில் கோலி சோடா.

ஹுவான் முதலில் இறக்கியது லவ்டிஸ்க். இதய வடிவத்தில் இளஞ்சிவப்பாக ஒரு மீன், காதலர் தின அட்டையில் ஒட்டலாம். தண்ணீரை அடித்தது. வொண்டர் கார்டு தடுத்தது. மறுபடி அடித்தது. மறுபடி தடுத்தது. மயக்கிப் பார்த்தது. ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்பதால் அதுவும் பலிக்கவில்லை. நான் அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்து அந்த மீன் ஸ்வீட் கிஸ் கொடுத்தது. முத்தம். அதற்கு அடி கணக்கு கிடையாது, வாங்கியவர் குழம்பிப்போவார், அவ்வளவுதான். குழம்பிப்போனவர் சில சமயம் தன்னைத்தானே அடித்துக்கொள்வார். வெளியிலிருந்து வரும் அடியைத்தானே வொண்டர் கார்டு தடுக்கும்?

ஷெடின்ஜா தன்னையே அடித்துக்கொண்டு விழுந்தது. ஒரு மீனின் முத்தத்தில் செத்த பேய் என்று அண்ணன் அந்த விடுமுறை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். கோலி சோடாவும் போனது.

அப்புறம் தெரிந்துகொண்டேன், அதைக் கொல்ல முத்தம்கூட வேண்டாம். விஷம், தீக்காயம், மணல் புயல், ஆலங்கட்டி என்று எது வந்தாலும் போதும். அந்த கேமின் கடைசியில் வரும் எலைட் ஃபோர் என்ற நான்கு பெரிய ஆட்டக்காரர்களில் பேய்களுக்கென்றே இருக்கும் ஃபீபிகூட ஒரு ஷெடின்ஜாவை வைத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் போட்டி ஆட்டக்காரர்கள் இதை வைத்து விதவிதமாகத் தில்லுமுல்லு செய்தார்கள். 2010-இல் வந்த பிளாக், ஒயிட் கேம்களிலிருந்து ஸ்டர்டி என்ற திறமை, முழு உயிரோடு இருப்பவரை ஒரே அடியில் சாகவிடாது. ஷெடின்ஜாவின் 1 எப்போதுமே முழு உயிர். இருவர் அணியில் தோழனிடமிருந்து ஸ்டர்டியை மாற்றிக் கொடுத்துவிட்டால், நேரடி அடியால் அதைச் சாய்ப்பது மிகக் கடினம். 2022-இல் வந்த ஸ்கார்லெட், வயலெட்டில் ஷெடின்ஜாவைச் சேர்க்கவே இல்லை. வகையை மாற்றிக்கொள்ளும் வசதி வந்த கேமில் இதையும் விட்டால் யாராலும் ஜெயிக்க முடியாது என்று பயந்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் கிண்டல் செய்வார்கள். இன்னொன்று, டிட்டோ என்ற இன்னொரு போக்கிமானோடு சேர்த்து வளர்ப்பகத்தில் விட்டால் ஷெடின்ஜாவுக்கும் முட்டை கிடைக்கும். உடைத்தால் நின்காடா வரும். வெற்றுக் கூட்டிலிருந்து குஞ்சு எப்படி என்று கேட்காதீர்கள்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அண்ணன்தான் சொன்னான், ஸ்லேட்போர்ட் ஊரில் பெயர் மாற்றித் தருகிற ஒருவர் இருக்கிறார், அதற்கும் ஒரு பெயர் வையேன் என்று. போனேன். யாருடைய பெயரை மாற்ற வேண்டும் என்று கேட்டார். ஷெடின்ஜாவைக் காட்டினேன். எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

“அப்புன்னே வை” என்றான் அண்ணன்.

“அப்பு இருக்கானே.”

“அவன்தானடா இவனும்.”

முதல் எழுத்தை அழுத்தினேன். பட்டியலில் முதலாவதாக அப்பு இறக்கையோடு இருக்கிறான், லெவல் 52. அழுத்தியதை அழித்தேன். வேறு பெயர் யோசித்தேன், எதுவும் வரவில்லை. கீழே இருந்து பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். பொத்தானை அழுத்தி வெளியே வந்து, சேவ் செய்துவிட்டு இறங்கிப் போனேன். அது ஷெடின்ஜாவாகவே இருந்துவிட்டது.