லிஃப்ட் கேளுங்கள், பஸ்ஸுக்குக் காசு கையில் இருக்கட்டும்

கேள்வி: நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் முதுகலை படிக்கிறேன். மதுரையில் என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஜூன் மாதம் என்னைப் பார்க்க வருகிறாள். இரண்டு பேரும் முதுகுப் பையோடு, சுவிட்சர்லாந்தில் இத்தாலியன் பேசும் ஊர்களையும் அதை ஒட்டியிருக்கும் இத்தாலிய ஊர்களையும் 10 நாள் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறோம். கையில் பணம் குறைவு. வழி முழுக்க லிஃப்ட் கேட்டே போய்விடலாம், ராத்திரி எங்கேயாவது கூடாரம் போட்டுக்கொள்ளலாம், வீட்டில் சொல்ல வேண்டாம் என்கிறாள் அவள். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அவள் சைவம் வேறு. என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். ஜூன் நல்ல மாதம்தான். ஆகஸ்டில் அந்தப் பகுதியின் லோகார்னோ என்ற ஊரில் திரைப்பட விழா நடக்கும்போது படுக்கை கிடைப்பதே பெரும்பாடு. அதற்கு முன்னால் போவது உங்களுக்கு வசதி.

உங்கள் தோழியின் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது, பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக லிஃப்ட் கேட்பது. லிஃப்ட் கேட்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் காசில்லாமல் சாலையோரம் நிற்கிறவர், நிற்கிற வண்டியில் ஏறித்தான் ஆக வேண்டும். இருட்டிக்கொண்டு வரும்போது அந்த நெருக்கடி இன்னும் கூடும். மனசுக்குச் சரியாகப் படாத வண்டி வந்து நின்றால், "வேண்டாம், நன்றி" என்று சொல்ல முடிய வேண்டும். பஸ்ஸுக்குக் காசும், அன்றைய கடைசி பஸ்ஸின் நேரமும் தெரிந்தவரால்தான் அதைத் தயங்காமல் சொல்ல முடியும். அதனால் உங்கள் செலவுக் கணக்கை லிஃப்டே கிடைக்காது என்று வைத்துப் போடுங்கள். அப்புறம் கிடைக்கிற ஒவ்வொரு லிஃப்டும் உங்களுக்குக் கூடுதல்தான்.

டிச்சினோவில் இந்தக் கணக்கு அவ்வளவு கடினமில்லை. இத்தாலியன் பேசும் இந்தக் கான்டனில் (சுவிஸ் மாநிலத்தை அப்படித்தான் சொல்வார்கள்) ஹோட்டல், யூத் ஹாஸ்டல், கேம்பிங் மைதானம் ஆகியவற்றில் தங்குகிறவர்களுக்கு 'டிச்சினோ டிக்கெட்' என்று ஒன்று தருகிறார்கள். 2017இல் தொடங்கிய ஏற்பாடு இது. தங்கும் நாட்கள் முழுக்க கான்டனுக்குள் ரயில், பஸ் எல்லாம் அதிலேயே போகலாம், தனிக் கட்டணம் இல்லை. கேபிள் கார்களில் தள்ளுபடியும் உண்டு. தனியார் வீட்டு அறைகளில் தங்கினால் இது பெரும்பாலும் கிடைக்காது. எனவே வாடகை கொஞ்சம் குறைவு என்று அங்கே போய்விடாதீர்கள். முன்பதிவு செய்யும்போதே "டிச்சினோ டிக்கெட் உண்டா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஹாஸ்டலில் ஒரு படுக்கைக்கு 50 பிராங்க் அளவில் ஆகும், அதைக் குறைப்பது கஷ்டம். ஆனால் போக்குவரத்துச் செலவு கிட்டத்தட்ட இல்லாமல் போவதால், மொத்தத்தில் உங்கள் தோழி பயப்படுகிற அளவுக்கு வராது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஜூரிக் வந்து அங்கிருந்து தெற்கே இறங்குங்கள். 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம் வழியாக விரைவு ரயில்கள் போகின்றன. அதில் ஏறினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். நேரம் அதிகமானாலும் பழைய மலைப்பாதை வழியாகப் போகும் 'ட்ரேனோ கோட்டார்டோ' ரயிலில் ஏறுங்கள். மலையில் உயரம் ஏறுவதற்காகத் தண்டவாளம் சுற்றிச் சுற்றிப் போவதால், வாசென் என்ற ஊரின் தேவாலயம் மூன்று முறை மூன்று உயரத்தில் தெரியும். டிக்கெட்டை முன்கூட்டியே 'சூப்பர்சேவர்' வகையில் எடுத்தால் விலை நன்றாகக் குறையும்.

முதலில் பெலின்சோனாவில் இறங்குங்கள். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள மூன்று கோட்டைகள் அங்கே இருக்கின்றன. சனிக்கிழமையாக அமைந்தால் பழைய நகரத் தெருக்களில் சந்தையும் இருக்கும். பிறகு லோகார்னோ. அங்கே தங்கிக்கொண்டு பள்ளத்தாக்குகளுக்குள் போய் வருவதுதான் என் யோசனை. லுகானோவுக்கு ஒரு பகல் போதும் என்பது என் கருத்து. ஏரிக்கரை அழகுதான், ஆனால் வங்கிகளும் விலை உயர்ந்த கடைகளும் நிறைந்த ஊரில் கையைச் சுருக்கிக்கொண்டு நடப்பது சுகமாக இருக்காது.

இனி லிஃப்டுக்கு வருவோம். அதற்கு ஏற்ற இடம் பள்ளத்தாக்குச் சாலைகள்தான். வெர்சாஸ்கா, மாஜியா, ஒன்செர்னோனே மாதிரி இடங்களில் ஒரே சாலை, எல்லா வண்டியும் ஒரே திசை. வேகமும் குறைவு. நடைபயணம் முடித்துக் களைத்து வருகிறவர்களை ஏற்றிக்கொள்வது அங்கே புதிதில்லை. பஸ் குறைவாக ஓடும் கிராமங்களில் இது உண்மையிலேயே உதவும். மாஜியாவின் ஒரு கிளைப் பள்ளத்தாக்கில் போஸ்கோ குரின் என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. டிச்சினோவில் ஜெர்மன் மொழி வழக்குப் பேசும் ஒரே பழைய ஊர் அதுதான். ஜெர்மனியில் படிக்கிற உங்களுக்கு அங்கே போய்ப் பேசிப் பார்க்கத் தோன்றும். பேச்சு முழுசாகப் புரியாவிட்டாலும் போய்ப் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் மட்டும் நிற்காதீர்கள். இத்தாலியின் ஆட்டோஸ்ட்ராடாவில் லிஃப்ட் கேட்பதும் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். சாலையில் மட்டுமில்லை, அதன் நுழைவுப் பாதை, பெட்ரோல் நிலையம், ஓய்விடம் எல்லாவற்றுக்கும் இந்தத் தடை பொருந்தும். சுவிட்சர்லாந்திலும் நெடுஞ்சாலைக்குள் நடந்து போகக் கூடாது. லோகார்னோவை ஒட்டிய மஜோரே ஏரியின் மேற்குக் கரையில் கன்னோபியோ என்ற இத்தாலிய ஊர் வழியாகப் போகும் சாலையிலும் நிற்க வேண்டாம். தடை எதுவும் இல்லை என்றாலும் குறுகலான சாலை, பல இடங்களில் ஓரமே கிடையாது. அங்கே பஸ்ஸிலோ படகிலோ போவதுதான் சரி.

எல்லையையும் லிஃப்டில் தாண்ட வேண்டாம். இத்தாலியிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் தினமும் டிச்சினோவுக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். காலையிலும் மாலையிலும் எல்லைச் சாலைகளில் ஆள் ஒருவர் மட்டும் உட்கார்ந்த கார்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் எளிதாக இடம் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் தெரியாத இரண்டு வெளிநாட்டவரை எல்லைச் சோதனைச் சாவடி வழியாகக் கூட்டிப் போய்ப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க அவர்களில் பலருக்கு மனம் வராது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர்களை அந்தச் சங்கடத்தில் விட வேண்டாம்.

அதற்குப் பதிலாக லோகார்னோவிலிருந்து இத்தாலியில் இருக்கும் டோமோடோசோலா போகும் சென்டோவல்லி ரயிலில் ஏறுங்கள். 1923இல் தொடங்கிய 52 கிலோமீட்டர் பாதை, சுமார் இரண்டு மணி நேரம். பாலமும் பள்ளமுமாக, ஜன்னலை விட்டு எழுந்திருக்க மனசு வராது. கடைசி சுவிஸ் ஊரான கமேடோவுக்கு அப்புறம் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பயணத்தில் நீங்கள் காசு கொடுத்துப் போக வேண்டியது இது ஒன்றாக இருந்தாலும் எனக்குச் சந்தோஷமே. நடுவில் இத்தாலியப் பக்கம் சாண்டா மரியா மஜோரேயில் இறங்குங்கள். புகைபோக்கி துடைக்கும் தொழிலுக்காக இந்தப் பள்ளத்தாக்கின் சிறுவர்கள் ஒரு காலத்தில் ஐரோப்பா முழுக்கப் போனார்கள். அவர்களுக்கென்று ஒரு சிறிய அருங்காட்சியகம் அந்த ஊரில் இருக்கிறது. உடம்பு சிறியதாக இருந்தால்தான் புகைபோக்கிக்குள் ஏற முடியும் என்று பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அனுப்பிய காலம். மனசைப் பிசைகிற இடம்.

வண்டியில் ஏறும் முறைக்கு வருகிறேன். ஊர் முடிகிற இடத்தில், வண்டி ஒதுங்கி நிற்க இடமிருக்கும் பக்கமாக நில்லுங்கள். அட்டையில் அடுத்த ஊரின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். தூரத்து ஊர் வேண்டாம், பக்கத்து ஊர் போதும். வண்டி நின்றதும் "போன்ஜோர்னோ" சொல்லி, "எங்கே போகிறீர்கள்?" என்று அவரை முதலில் சொல்ல வையுங்கள். நீங்கள் போகும் ஊரை அதற்குப் பிறகு சொல்லுங்கள். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஒருவருக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள், அதை ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை. நல்லவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பை டிக்கியில் போகக் கூடாது, மடியிலேயே இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு. இறங்கும்போது ஒருவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, மற்றவர் பைகளை இறக்க வேண்டும். இறங்க வேண்டும் என்று தோன்றினால் "ச்சி ஃபா ஷெந்தெரே க்வி, பெர் ஃபவோரே" என்று சொல்லுங்கள், இங்கே இறக்கிவிடுங்கள் என்று அர்த்தம். அவசரத்துக்கு இரண்டு நாட்டிலும் 112. மாலை ஆறு மணிக்கு மேல் கை காட்டவே வேண்டாம்.

இதையெல்லாம் விட முக்கியமானது உங்கள் இருவருக்குள் இருக்க வேண்டிய ஒப்பந்தம். ஒரு வண்டியைப் பார்த்து இருவரில் யாருக்கு மனசு ஒப்பவில்லையோ, அவர் சொல்வதே முடிவு. காரணம் கேட்கக் கூடாது, அப்புறம் ஹாஸ்டலில் உட்கார்ந்து "நீதான் கெடுத்தாய்" என்று பேசவும் கூடாது. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, தயங்குவது பெரும்பாலும் நீங்களாகவும், இழுப்பது அவளாகவும் இருக்கும் என்று தெரிகிறது. கிளம்புவதற்கு முன்பே இதை அவளிடம் பேசிவிடுங்கள். இதற்கு அவள் சம்மதிக்கவில்லை என்றால் லிஃப்டை முழுசாக விட்டுவிட்டு பஸ்ஸிலேயே சுற்றுங்கள். அதே பள்ளத்தாக்குதான், அதே மலைதான்.

கூடாரம் கேம்பிங் மைதானத்துக்குள் மட்டும். ஆற்றங்கரையிலும் புல்வெளியிலும் போட்டால் அபராதம் வரும், அதைவிட ஆபத்தும் இருக்கிறது. டிச்சினோவின் ஆறுகளில் நீர்மின் நிலையங்கள் தண்ணீர் திறந்துவிடும்போது, வானம் வெயிலடித்துக்கொண்டிருந்தாலும் நீர்மட்டம் சட்டென்று ஏறும். கரையெல்லாம் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். மழையும் அப்படித்தான். 2024 ஜூன் கடைசியில் பெய்த பேய்மழையில் மாஜியா பள்ளத்தாக்கின் விஸ்லெட்டோ பாலமே இடிந்து, மேலே இருந்த ஊர்கள் துண்டிக்கப்பட்டன. நீங்கள் போவதும் ஜூனில்தான். இடி மழை அறிவிப்பு இருக்கும் நாளில் பள்ளத்தாக்குக்குள் போகாதீர்கள்.

வெர்சாஸ்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லவெர்டெட்சோவில் இரட்டை வளைவுக் கல்பாலத்துக்குக் கீழே பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஓடும். பார்த்ததும் இறங்கத் தோன்றும். தண்ணீர் எலும்பைக் குத்தும் குளிர், பாறை வழவழப்பு, அடியில் சுழல். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற இடத்தைப் பார்த்து, அங்கே காலை நனைத்தால் போதும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு மிக்ரோஸ், கோப் கடைகளில் ரொட்டி, சீஸ், தக்காளி, டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் சில பொருட்களின் விலையைக் குறைத்து ஒட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். எல்லா ஹாஸ்டலிலும் சமையலறை இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள். தெருக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் மட்டும் கூடாது. உங்கள் தோழிக்கு: ரிசோட்டோ பார்க்க சைவமாகத் தெரியும், பலமுறை இறைச்சி வேகவைத்த சாறில்தான் செய்வார்கள். கேட்காமல் வாங்க வேண்டாம். பொலெண்டாவும் சீஸும் பயமில்லாத சாப்பாடு. இத்தாலியப் பக்கம் காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

இன்னும் இரண்டு விஷயம் ஸ்டுட்கார்ட்டிலேயே முடித்துவிடுங்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. உங்கள் ஜெர்மன் சிம்மில் அந்த நாடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரே நாளில் பில் எகிறிவிடும். ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் ஐரோப்பிய வசதி, ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பொதுவாக அங்கே செல்லாது. ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பகுதி மீட்பும் அதில் இருக்கட்டும்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு வண்டியின் விவரத்தையும் மதுரைக்குச் சொல்லித் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த நாள் எந்த ஊர், எந்த ஹாஸ்டல் என்ற பட்டியல் அவள் அம்மா கையில் இருக்க வேண்டும். "லிஃப்ட் கேட்கப் போகிறோம், இந்த இந்த விதிகளோடு" என்று சொல்லிவிட்டால் முதல் நாள் சண்டை வரும், அப்புறம் அவர்களே தினமும் போன் செய்து எந்த ஊர் என்று கேட்பார்கள்.

தோழியின் விசாவை ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அங்கேதான் கேட்க வேண்டும், அவள் ஸ்டுட்கார்ட்டில் உங்களோடுதானே அதிக நாள் இருக்கப் போகிறாள். அதே ஷெங்கன் விசாவில் சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் போகலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஜூனுக்கு எல்லோரும் முண்டியடிப்பார்கள், அதனால் விண்ணப்பம் கொடுக்க நேரம் முன்பதிவு செய்வதை இந்த வாரமே செய்துவிடச் சொல்லுங்கள்.