துடைப்பக்கட்டை புட்டர் மரபுக்கு ஆகுமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு 58 வயது. இரண்டு வருடமாகக் கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் 'புட்', அதுவும் மூன்றடி புட் என்றாலே கை வெடுக்கென்று இழுத்துவிடுகிறது. மகன் பிறந்தநாளுக்கு 46 அங்குல நீளப் புட்டர் (புட் அடிக்கும் மட்டை) ஒன்று வாங்கித் தந்தான். இப்போது பந்து குழிக்குள் போகிறது. ஆனால் சனிக்கிழமை என்னோடு ஆடும் மூன்று பேரும், "இது கோல்ஃபா, துடைப்பக்கட்டையா? மரபையே கெடுக்கிறாய்" என்கிறார்கள். போன வாரம் வெட்கப்பட்டு அதைக் காரிலேயே விட்டுவிட்டுப் பழைய புட்டரோடு போனேன். பதினெட்டுக் குழிக்கு 41 புட். நீங்களே சொல்லுங்கள், இது மரபுக்கு ஆகுமா, ஆகாதா?
வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்தப் புட்டரைக் காரிலிருந்து எடுத்துப் பையில் போடுங்கள். 41 புட் அடித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரள்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அறுபதை நெருங்கியபோது எனக்கும் அதே உதறல் வந்தது.

சட்டம் உங்கள் பக்கம். மற்ற மட்டைகள் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. புட்டருக்கு அந்த உச்ச அளவு கிடையாது. 18 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

நண்பர்கள் சொல்லும் மரபுக்கு வருவோம். அவர்கள் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. மட்டையானது காலங்காலமாக வந்த வடிவத்திலிருந்தும் செய்கையிலிருந்தும் பெரிதாக விலகக் கூடாது என்று கருவி விதியிலேயே இருக்கிறது. ஆனால் எந்தக் காலத்து வடிவம்? 1904-இல் வால்டர் டிராவிஸ் என்ற அமெரிக்கர் இங்கிலாந்தின் சாண்ட்விச்சில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தைத் தட்டிச் சென்றார். அவர் கையில் இருந்தது ஸ்கெனெக்டடி புட்டர். அலுமினியத் தலை, தண்டு ஓரத்தில் இறங்காமல் நடுப்பக்கமாக இறங்கும். 1910-இல் விதி வகுக்கும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் அந்த வகைக்குத் தடை போட்டார்கள். அமெரிக்காவில் தடை இல்லை. ஆக, ஒரே விளையாட்டுக்கு நாற்பது வருடம் கடலின் இந்தக் கரையில் ஒரு மரபு, அந்தக் கரையில் ஒரு மரபு! 1951-இல் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி விதிகளை ஒன்றாக்கியபோதுதான் தடை போனது. இந்தச் சனிக்கிழமை உங்கள் நண்பர்களின் புட்டர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றிலாவது தண்டு நடுவில் இறங்கினால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் உங்களைப் போலவே உதறலில் மாட்டிக்கொண்டவர். 1966-இல் அவர் பந்துக்கும் குழிக்கும் இடையிலான கோட்டின் இரு பக்கமும் காலை அகட்டி நின்று, கால்களுக்கு நடுவே புட்டரை ஆட்டத் தொடங்கினார். 1968 விதியில் அப்படி நிற்கக் கூடாது என்று வந்துவிட்டது. மனுஷர் அழுதுகொண்டிருக்கவில்லை. இரண்டு காலையும் கோட்டுக்கு ஒரே பக்கமாக வைத்து, குழியைப் பார்த்து நின்று அடித்தார். 1974 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் 62 வயதில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். எதைத் தடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள். தடுத்தது கோட்டின் இரு பக்கமும் கால் அகட்டி நிற்பதை. குழியைப் பார்த்து நின்று அடிப்பதைத் தடுக்கவில்லை.

அதே கதைதான் நீளப் புட்டருக்கும். 2011 ஆகஸ்டிலிருந்து 2013 ஏப்ரல் வரை நடந்த ஆறு பெரிய போட்டிகளில் நாலு, புட்டரை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி அடித்தவர்களுக்குப் போயின. நம் எர்னி எல்ஸ் 2012-இல் இங்கிலாந்தின் லிதமில் பிரிட்டிஷ் ஓபன் வென்றதும் வயிற்றில் ஊன்றித்தான். ஊன்றுவதற்கு 2016 ஜனவரி 1 முதல் தடை. நீளத்துக்குத் தடை இல்லை. அந்த ஏப்ரலில், மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டாவின் முதல் குழியில் எல்ஸ் ஏறக்குறைய மூன்றடியிலிருந்து ஆறு புட் அடித்தார். நான் டிவியை அணைத்துவிட்டேன். பார்க்க முடியவில்லை, தம்பி.

இருந்தாலும் நான் அந்தத் தடையின் பக்கம்தான். எனக்கு மரபு என்பது இரும்பின் வடிவத்தில் இல்லை. இரண்டு கையும் உடம்பை விட்டு விலகித் தாமாக ஆட வேண்டும். அடிக்கிறவனின் பயமும் தைரியமும் அந்தக் கை வழியாகவே பந்துக்குப் போக வேண்டும். நெஞ்சில் ஊன்றிவிட்டால் புட்டர் ஆணியில் மாட்டிய கடிகார ஊசல் ஆகிவிடுகிறது. மற்றபடி தண்டு நீளமோ, தலை பெரிதோ, பிடி தடிமனோ, எனக்கு ஆட்சேபம் இல்லை. நம் ஜெர்மிஸ்டனிலிருந்து போய் நாலு பிரிட்டிஷ் ஓபன் வென்ற பாபி லாக்கை நினைத்துப் பாருங்கள். ஹிக்கரி மரத்தண்டு போட்ட பழைய புட்டர்தான் கடைசிவரை. ஆனால் அவர் அடியோ, புட்டரை உள்பக்கமாக இழுத்து, பந்து இடப்பக்கம் சுழன்றுகொண்டு போகும்படி அடிப்பது. எந்த ஆசிரியரும் அப்படிச் சொல்லித் தர மாட்டார். அப்புறம் ஜெர்மன்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர். உதறலோடு பல வருடம் போராடியவர். ஊன்றக் கூடாது என்று வந்த பிறகும் அதே நீளப் புட்டரை நெஞ்சிலிருந்து விலக்கிப் பிடித்து, 2023-இல் 65 வயதில் யுஎஸ் சீனியர் ஓபன் வென்றார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். புட்டரின் மேல்முனையைப் பிடிக்கும் கை நெஞ்சில் பதியக் கூடாது. அந்தக் கையின் முன்கையையும் விலாவோடு அழுத்தி வைத்து அதை ஒரு முளை மாதிரி ஆக்கக் கூடாது. காற்றடிக்கிற நாளில் சட்டை உரசினால் குற்றமில்லை. வேண்டுமென்று பிடித்து ஊன்றினால்தான் குற்றம். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டம், குழிக்குக் குழி வெல்லும் மேட்ச் ஆட்டத்தில் அந்தக் குழியே போய்விடும். நான் செய்த சோதனையைச் சொல்கிறேன். புட் அடிக்கிற நிலையில் நில்லுங்கள். உங்கள் கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே நண்பர் ஸ்கோர் அட்டையை நுழைக்கட்டும். தடங்கல் இல்லாமல் நுழைந்து வெளியே வந்தால் நீங்கள் சுத்தம். அந்த வேலையைக் கேலி செய்த மூன்று பேரிடமே கொடுங்கள். அவர்களே சாட்சி ஆகிவிடுவார்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வலக்கை ஆட்டக்காரி, ஆனால் புட் அடிக்கும்போது இடக்கையைக் கீழே வைத்துக்கொள்கிறாள். நன்றாகவே அடிக்கிறாள். பயிற்சியாளர், "பார்க்க லட்சணமாக இல்லை, முறைப்படி பிடி" என்று மாற்றச் சொல்கிறார். மாற்ற வேண்டுமா?
வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா.

எங்கள் வீட்டு முன்னறையில் முருகன் படத்துக்குக் கீழே அப்பா ஒரு பத்திரிகைப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கொட்டும் மழையில் ஒரு மனிதர் கோப்பை வாங்குகிறார். பாப்வா சேவ்கோலம். இந்தி பேசும் வீட்டுப் பிள்ளை. பீச்வுட் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கும் கேடியாக இருந்து ஆட்டம் கற்றவர். வலக்கை ஆட்டக்காரர்தான், ஆனால் இடக்கையைக் கீழே வைத்தே எல்லா மட்டையையும் பிடித்தார், புட்டரை மட்டுமில்லை. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓபன் வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபனை வென்றபோது, இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை. வெளியே மழையில் நின்றுதான் கோப்பை வாங்கினார். 1965-இல் கேரி பிளேயரையே தோற்கடித்து மறுபடியும் நேட்டால் ஓபன். அதன் பிறகு நிறவெறி அரசாங்கம் அவரைப் போட்டிகளிலேயே ஆட விடாமல் செய்துவிட்டது. 1978-இல் போய்ச் சேர்ந்தார். உம்கேனி ஆற்றங்கரை மைதானத்துக்கு இன்று அவர் பெயர்.

இதுதான் முறை, இதுதான் வழக்கம் என்று யாராவது சொன்னால் நான் உடனே தலையாட்டாதது அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்ததால்தான். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதையும் ஒரு காலத்தில் இங்கே வழக்கம் என்றே சொன்னார்கள். பிடி விஷயத்தில் காலமே பதில் சொல்லிவிட்டது. ஜோர்டன் ஸ்பீத் 2015-இல் மாஸ்டர்ஸையும் யுஎஸ் ஓபனையும் வென்றபோது புட்டரை உங்கள் மகள் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தார். இடக்கை கீழே இருந்தால் தோள்கள் ஒரு மட்டத்துக்கு வரும், இடது மணிக்கட்டு மடங்காது. குட்டைப் புட்டில் அது பெரிய பலம். பயிற்சியாளரிடம் மரியாதையாகவே பேசுங்கள். அவள் பத்துப் புட்டில் எத்தனை போடுகிறாள் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். அப்படியே ஒருநாள் அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போய் அந்தப் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள்.

கேள்வி: மகன் பழைய சாமான் கடையில் ஒரு புட்டர் வாங்கியிருக்கிறான். தலை பின்பக்கம் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டு மாட்டுத்தலை மாதிரி இருக்கிறது. பள்ளிப் போட்டிக்கு எடுத்துப் போகலாமா?
வாசகர், டோங்காட்

பதில்: கொம்பு இருந்தால் தப்பில்லை. அளவுதான் முக்கியம். தலையின் குதியிலிருந்து (அடிப்பவர் பக்கம்) நுனிவரை (எதிர்ப்பக்கம்) உள்ள நீளம், பந்தில் படும் முகத்திலிருந்து கொம்பின் முனைவரை உள்ள நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். குதியிலிருந்து நுனிவரை 7 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. உயரம் இரண்டரை அங்குலத்துக்குள். அவன் கையிலேயே அளவுகோலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். தேறாவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நடுத்தண்டு போட்ட பித்தளைப் புட்டர் ஒன்று என் கராஜில் சும்மா கிடக்கிறது. கிரிப் மட்டும் மாற்ற வேண்டும்.