தாமதமாக வந்த பெட்டிக்கு இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: தங்கையின் திருமணத்துக்காகத் துபாயிலிருந்து குடும்பத்துடன் சென்னை வந்தேன். பெட்டியை ஐந்தாம் நாள்தான் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குள் திருமணம் முடிந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு உடுத்த எம்.சி. ரோட்டில் அவசரமாகத் துணி எடுக்க வேண்டியதாயிற்று. "அதுதான் பெட்டி கிடைத்துவிட்டதே" என்கிறது விமான நிறுவனம். பணம் கேட்க எனக்கு உரிமை உண்டா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உண்டு. பன்னாட்டு விமானப் பயணங்களுக்கான 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009-இல் இணைந்தது. பெட்டி தாமதமானதால் பயணிக்கு ஏற்பட்ட இழப்பை விமான நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்பதும், தாமதத்தைத் தவிர்க்க நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்ததாக மெய்ப்பித்தால் மட்டுமே அது பொறுப்பிலிருந்து விடுபடலாம் என்பதும் அந்த ஒப்பந்தத்தின் விதி. டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இதற்கு மாறாக எதை அச்சிட்டிருந்தாலும் அது செல்லாது.

ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். பெட்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்துமூலம் புகார் தரவேண்டும். பெட்டி உடைந்து வந்திருந்தால் 7 நாட்கள்தான். விமான நிலையத்தில் பெட்டி வரவில்லை என்று எழுதிக் கொடுத்த படிவத்தையே புகாராக நம்பி இருந்துவிடாமல், நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குத் தனியாக எழுதி, துணிக்கடை ரசீது, போர்டிங் பாஸ், பெட்டியில் ஒட்டிய டேக் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். பட்டுப்புடவைக்கு ரசீது வாங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை, யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவையாவது தேடி எடுங்கள்.

உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு); ரூபாயில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். இது உச்சவரம்புதானே தவிர, எல்லோருக்கும் கிடைக்கும் தொகை அன்று. நீங்கள் மெய்ப்பிக்கும் இழப்பே கணக்கு.

பதில் வராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் சென்னை வடக்கு ஆணையமே உங்களுக்குப் போதும். டிக்கெட்டுக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லி செல்லும் பகல் நேர விமானம் ஏழு மணி நேரம் தாமதம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு முடித்துக்கொண்டார்கள். இழப்பீடு உண்டா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உள்நாட்டு விமானத் தாமதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியில் தொகை எதுவும் குறிப்பிடப்படவில்லை, இது பலருக்கும் ஏமாற்றம் தரும் செய்திதான். டெல்லி போன்ற தூரத்துக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டும் தாமதமென்றால் உணவு தரவேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணம், இரண்டில் ஒன்றை நீங்கள் கேட்டிருக்கலாம். விமானம் ரத்தாகி, முன்கூட்டியே உரிய அறிவிப்பும் தரப்படாவிட்டால்தான் இந்தத் தடத்தில் அதிகபட்சம் 10,000 ரூபாய்வரை இழப்பீடு கிடைக்கும். புயல், மூடுபனி போன்ற காரணங்களுக்கு அதுவும் இல்லை.